இணைப்பு எந்த யன்னலில் திறக்கும்? அதை நாம் தீர்மானிப்பது எப்படி

விண்ணப்பக் காலத்தில் கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ ஒரு கொமினிகேஷன் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இதைப் பார்க்கலாம். படிவம் நிரப்பியாயிற்று, பணம் செலுத்தும் பொத்தானையும் அழுத்தியாயிற்று, திரையில் அசைவில்லை. "ஸ்டக் ஆகிட்டு போல" என்று இன்னொரு தடவை அழுத்துகிறார்கள். வங்கிப் பக்கமோ முதல் தடவையே திறந்து பெரிய யன்னலுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. அல்லது உலாவி அதைத் தடுத்துவிட்டு, முகவரிப் பட்டையின் ஓரத்தில் சின்ன அடையாளம் ஒன்றை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறது. கணனியில் பழுது இல்லை. புதிய யன்னலை எங்கே திறப்பது என்ற முடிவு யார் கையில் இருக்கிறது என்று தெரியாததால் வரும் சிக்கல் இது. இரண்டாம் தடவை அழுத்தும் முன் ஆல்ட், டெப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, திறந்திருக்கும் யன்னல்களை ஒருமுறை பார்த்துவிட்டால் இரட்டைக் கட்டண வில்லங்கம் பெரும்பாலும் வராது.

அந்த முடிவில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு: பக்கத்தை எழுதியவர், உலாவி, நீங்கள். பக்கத்தை எழுதியவர் ஒன்றும் சொல்லாவிட்டால் இணைப்பு இருக்கும் இடத்திலேயே திறக்கும். இணைப்பின் 'டார்கெட்' பண்பில் 'பிளாங்க்' என்று எழுதியிருந்தால், எனக்கு வேறு இடம் வேண்டும் என்று கேட்கிறார். அது டெப்பா (ஒரே யன்னலுக்குள் அடுத்தடுத்து நிற்கும் பக்கங்களில் ஒன்று) தனி யன்னலா என்று சொல்வதில்லை. மூன்றாவது வழி, பக்கத்துக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் 'விண்டோ.ஓப்பன்' கட்டளை. அதில் அகலமும் உயரமும் கொடுத்திருந்தால் கணனி உலாவிகள் அதைச் சிறிய தனி யன்னலாகத் திறக்கும். கொடுக்காவிட்டால் டெப்பாகத் திறக்கும். கட்டணப் பக்கங்கள் சில சின்ன யன்னலாக வருவதும், சில டெப்பாக வருவதும் இதனால்தான்.

இவ்வளவுக்கும் மேலாக உங்கள் விரலுக்கு அதிகாரம் இருக்கிறது. கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி இணைப்பைக் கிளிக் செய்தால் அது பின்னணியில் புது டெப்பாகத் திறக்கும். மௌஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினாலும் அதேதான். கொன்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்தால் புது டெப் திறந்து பார்வையும் அங்கே போகும். ஷிஃப்ட் மட்டும் அழுத்திக் கிளிக் செய்தால் தனி யன்னல். மக் கணனியில் கொன்ட்ரோலுக்குப் பதில் கொமாண்ட். குரோம், எட்ஜ், ஃபயர்பொக்ஸ் மூன்றிலும் இவை ஒன்றுதான். தவறுதலாக மூடிய டெப்பைக் கொன்ட்ரோல், ஷிஃப்ட், டி மீட்டுத் தரும். ஆனால் அதில் நிரப்பிய விவரங்கள் திரும்ப வரும் என்று நம்பி இருக்கக்கூடாது.

இந்த விசைகள் சில இடங்களில் வேலை செய்யாது. இணைப்பு போலத் தெரிவது உண்மையில் ஜாவாஸ்கிரிப்ட் பொத்தானாக இருந்தால், அதில் கொன்ட்ரோல் கிளிக் செய்தும் பயன் இல்லை. வலது கிளிக் பட்டியலிலும் 'புதிய டெப்பில் திற' என்பது இருக்காது. சுட்டியை அதன்மேல் வைத்துத் திரையின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். முழு முகவரி தெரிந்தால் அது இணைப்பு. ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கும் வரி வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, அங்கே முடிவு எடுப்பது பக்கத்தை எழுதியவர்தான்.

உலாவி ஏன் சந்தேகப்படுகிறது

1990களில் 'விண்டோ.ஓப்பன்' கட்டளை வந்த கொஞ்சக் காலத்திலேயே விளம்பரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ட்ரைபொட் நிறுவனத்தில் அப்போது வேலை செய்த ஈதன் சக்கர்மன், விளம்பரத்துக்காகத் தனி யன்னல் திறக்கும் நிரலை எழுதியவர். 2014இல் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஒரு பக்கத்தைத் திறந்தால் பத்து யன்னல் பாயும் நிலை வந்தபிறகுதான், இப்படிப் பாயும் 'பொப்-அப்' யன்னல்களுக்குத் தடுப்பான்கள் பரவின. விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சேவைப் பொதி 2004 ஓகஸ்டில் வந்தபோது இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் தடுப்பான் கிடைத்தது. இன்றைய உலாவிகள் எல்லாம் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: நீங்கள் ஏதாவது செய்ததன் விளைவாக மட்டுமே பக்கம் புது யன்னல் திறக்கலாம். கிளிக்கோ விசையோ இல்லாமல் தானாகத் திறக்கப் பார்த்தால் தடுக்கப்படும்.

நம் பக்கத்தவர்களைக் கடிக்கும் இடம் இந்த விதிக்குள் இருக்கிறது. நீங்கள் கிளிக் செய்ததால் கிடைக்கும் அனுமதி சில வினாடிகளுக்குத்தான் செல்லும். குரோமில் அது 5 வினாடி. கட்டணப் பொத்தானை அழுத்தியதும் பல தளங்கள் முதலில் சேவையகத்திடம் ஒரு பற்றுச்சீட்டு இலக்கத்தைக் கேட்கும். அது வந்த பிறகே வங்கியின் யன்னலைத் திறக்கப் பார்க்கும். ஃபைபர் இணைப்பில் இதெல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். பொத்துவிலைத் தாண்டிப் பாணமைப் பக்கம் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கையில் பதில் வர ஏழெட்டு வினாடி எடுத்தால், அனுமதி காலாவதியாகி, யன்னல் தடுக்கப்படும். அதே தளம், அதே உலாவி, அதே செட்டிங். கொழும்பில் வேலை செய்கிறது, இங்கே செய்யவில்லை. உதவி இலக்கத்துக்கு அழைத்தால் "எங்களுக்குச் சரியாக வருகிறதே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

இன்னொன்று, ஒரு கிளிக்குக்கு ஒரு யன்னல்தான். ஒரே பொத்தானில் பற்றுச்சீட்டையும் அனுமதி அட்டையையும் இரண்டு யன்னலில் திறக்கும்படி தளம் எழுதப்பட்டிருந்தால், முதலாவது திறக்கும், இரண்டாவது தடுபடும்.

தடுபட்டதும் எல்லாரும் செய்வது பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணுவது. அதைச் செய்ய வேண்டாம். நிரப்பிய படிவம் போய்விடும். குரோமில் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சின்ன யன்னல் போன்ற அடையாளம் வந்திருக்கும். அதை அழுத்தினால் தடுக்கப்பட்ட முகவரிகள் வரிசையாகத் தெரியும். அந்த முகவரியையே கிளிக் செய்தால் யன்னல் அப்போதே திறக்கும், படிவமும் இருந்தபடி இருக்கும். அதே பெட்டியில் அந்தத் தளத்துக்கு மட்டும் எப்போதும் அனுமதி என்பதையும் தெரிவுசெய்து, 'டன்' அழுத்தி வைக்கலாம். ஃபயர்பொக்ஸ் மேலே ஒரு பட்டையைக் காட்டும்; அதிலுள்ள விருப்பப் பொத்தானில் அந்தத் தளத்தை அனுமதிக்கலாம். முன்கூட்டியே செய்து வைக்க விரும்பினால் குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, சைட் செட்டிங்ஸ், பொப்-அப்ஸ் அண்ட் ரீடைரெக்ட்ஸ் என்று போய் அனுமதிப் பட்டியலில் தள முகவரியைச் சேர்க்க வேண்டும். தடுப்பானை மொத்தமாக நிறுத்திவிடும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. நிறுத்திய கணனியில் போலிப் பரிசு அறிவிப்பும் போலி வைரஸ் எச்சரிக்கையும் வந்து நிற்க நாளாகாது. அடிக்கடி பாவிக்கும் ஏழெட்டுத் தளங்களை மட்டும் பட்டியலில் போட்டால் போதும்.

ஃபயர்பொக்ஸ் தரும் பிடி

யன்னல் விஷயத்தில் பயனாளிக்கு அதிக அதிகாரம் தருவது ஃபயர்பொக்ஸ். செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் டெப்ஸ் என்ற தலைப்பின் கீழ், இணைப்புகளை யன்னலுக்குப் பதிலாக டெப்பில் திறக்கும் தெரிவு உண்டு. அதன் அருகிலேயே, புது டெப் திறந்ததும் உடனே அங்கே மாறும் தெரிவும் உண்டு. பலருக்கு இந்த இரண்டு பெட்டிகளே போதும்.

அதற்கு அடியில் போக வேண்டுமானால் முகவரிப் பட்டையில் ஆங்கில எழுத்தில் 'அபவுட்:கொன்ஃபிக்' என்று தட்டி, எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு, தேடல் பெட்டியில் 'ஓப்பன்_நியூவிண்டோ' என்று தட்டுங்கள். இதுவும் ஆங்கில எழுத்தில்தான், இடையில் கீழ்க்கோடு. 'பிரௌசர்.லிங்க்' என்று தொடங்கும் சில வரிகள் வரும். அந்தப் பெயரோடு முடியும் முதலாவது வரியின் மதிப்பு சாதாரணமாக 3 ஆக இருக்கும். புதிய இடம் கேட்கும் இணைப்பெல்லாம் டெப்பில் திறக்கும் என்று பொருள். 2 என்றால் தனி யன்னல். 1 என்றால் இருக்கும் டெப்பிலேயே, பழைய பக்கத்தின் மேல்.

1 என்ற மதிப்பு பழைய கணனிக்காரருக்கு ஆசை காட்டும். டெப் பெருகாது, நினைவகம் மிச்சம். ஆனால் பணம் கட்டும் கணனியில் இதைப் போடக்கூடாது. வங்கிச் சரிபார்ப்பு யன்னல் வேலை முடிந்ததும், தன்னைத் திறந்த பக்கத்துக்குச் செய்தி அனுப்பும். திறந்த பக்கம் அழிந்து அதன் இடத்திலேயே வங்கிப் பக்கம் வந்து உட்கார்ந்தால் செய்தியைப் பெற அங்கே ஆள் இல்லை. பணம் கழிந்திருக்கும், விண்ணப்பம் 'நிலுவையில்' என்று நிற்கும். வங்கி யன்னல் திறந்திருக்கையில் மூலப் பக்கத்தை மூடினாலும், வங்கி முகவரியைக் கொப்பி பண்ணி வேறு டெப்பில் ஒட்டினாலும் இதே கதிதான்.

'ரெஸ்ட்ரிக்ஷன்' என்று முடியும் வரி அடுத்தது. சாதாரண மதிப்பு 2: அளவு குறிப்பிட்டுக் கேட்கப்படும் யன்னல்கள் தனியாகத் திறக்கும், மற்றவை மேலே சொன்ன விதிப்படி போகும். இதை 0 ஆக்கினால் அளவு கேட்டவையும் டெப்புக்குள் வந்துவிடும். யன்னலுக்குப் பின்னால் யன்னல் ஒளியும் பிரச்சினை இத்தோடு தீரும். ஒரே கணனியில் பலருக்குப் படிவம் நிரப்பும் இடத்துக்கு இந்த மாற்றத்தைத் தயங்காமல் சொல்லலாம். சின்ன யன்னலுக்கென்று வரைந்த பக்கம் முழுத் திரையில் அகலமாக இழுபட்டுத் தெரியும், வேலை கெடாது.

மூன்றாவது வரியின் பெயர் 'ஓவரைட்.எக்ஸ்டேர்னல்' என்று முடியும். வட்ஸ்அப் டெஸ்க்டொப், மின்னஞ்சல் மென்பொருள் போன்றவற்றிலிருந்து வரும் இணைப்புகளுக்கானது. மதிப்பு -1 என்றால் பொது விதி. 2 என்று மாற்றினால், வெளியிலிருந்து வரும் இணைப்பு எப்போதும் தனி யன்னலில் திறக்கும். நிரப்பிக்கொண்டிருக்கும் படிவத்துக்குப் பக்கத்தில் வந்து புகாது.

மாற்றிய வரிகள் தடித்த எழுத்தில் தெரியும். வலது ஓரத்து வளைந்த அம்புக்குறியை அழுத்தினால் பழைய மதிப்பு திரும்பிவிடும். எதை மாற்றினோம் என்பதைப் பெயரோடும் மதிப்போடும் ஒரு தாளில் எழுதிக் கணனிப் பெட்டியில் ஒட்டி வைப்பது, அடுத்து அந்தக் கதிரையில் இருப்பவருக்குச் செய்யும் உதவி.

குரோமிலும் எட்ஜிலும்

குரோமில் இப்படி ஒரு தெரிவே கிடையாது. எல்லா இணைப்பையும் டெப்பில் போடு, யன்னலில் போடு என்று சொல்ல வழி இல்லை. அதைச் செய்து தருவதாகச் சொல்லும் நீட்சிகள் (உலாவியோடு சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) கிடைக்கின்றன. அவற்றில் பல, நீங்கள் போகும் எல்லாத் தளத்திலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். மற்றவர்களின் அடையாள அட்டை இலக்கமும் வங்கி அட்டை இலக்கமும் தட்டப்படும் கணனியில் அந்த அனுமதியை ஒரு நீட்சிக்குக் கொடுப்பது சரியில்லை.

குரோமில் கைகொடுப்பது குறுக்குவழிச் சின்னம். டெஸ்க்டொப்பில் உள்ள குரோம் சின்னத்தின் மேல் வலது கிளிக், பிரொபர்ட்டீஸ், ஷோர்ட்கட் பகுதி. டார்கெட் பெட்டியில் உள்ள பாதை மேற்கோள் குறிக்குள் இருக்கும். முடியும் குறிக்கு வெளியே ஒரு இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு 'நியூ-விண்டோ' என்று ஆங்கில எழுத்தில் எழுதி, இன்னொரு இடைவெளி விட்டுத் தள முகவரியை எழுதுங்கள். அந்தச் சின்னத்தை அழுத்தினால் அந்தத் தளம் எப்போதும் புது யன்னலில் வரும். 'நியூ-விண்டோ' இருந்த இடத்தில் 'இன்கொக்னிட்டோ' என்று போட்டால் மறைநிலை யன்னல், எட்ஜுக்கு 'இன்பிரைவேட்'. இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். கட்டளையை மேற்கோள் குறிக்கு உள்ளே எழுதினால் பெயர் செல்லாது என்று விண்டோஸ் மறுக்கும். வேர்டிலிருந்தோ வட்ஸ்அப்பிலிருந்தோ கொப்பி பண்ணி ஒட்டினால் இரண்டு சிறு கோடும் சேர்ந்து ஒரு நீண்ட கோடாகியிருக்கும். குரோம் அதைக் கட்டளையாக எடுக்காது. கையால் தட்டுவதே நல்லது.

'அப்' என்ற கட்டளைக்குச் சமக் குறி போட்டு முகவரி கொடுத்தால் டெப்பும் முகவரிப் பட்டையும் இல்லாத சுத்தமான யன்னல் கிடைக்கும். பெறுபேறு பார்க்கும் பக்கத்துக்கு அது அழகாக இருக்கும். வங்கிக்கு வேண்டாம், முகவரியைக் கண்ணால் சரிபார்க்கும் வசதி அதில் போய்விடுகிறது.

இரண்டு யன்னலை அருகருகே வைத்து, ஒன்றில் வட்ஸ்அப்பில் வந்த அடையாள அட்டைப் படமும் மற்றதில் படிவமுமாக வேலை செய்வது வசதி. விண்டோஸ் விசையோடு இடது அல்லது வலது அம்பு போதும். 1366 புள்ளி அகலமுள்ள லெப்டொப் திரையில் ஆளுக்கு 683 புள்ளிதான் வரும். பல தளங்கள் 768க்குக் கீழே போனதும் போன் வடிவத்துக்கு மாறி, பட்டியல்களை மடித்து வைத்துவிடும். படிவத்தில் ஒரு பகுதி காணாமல் போனதுபோல் இருந்தால் பயப்பட வேண்டாம். கொன்ட்ரோலோடு கழித்தல் விசையை அழுத்தி 80 வீதத்துக்குக் குறையுங்கள். தளத்தின் கணக்கில் அகலம் 850ஐத் தாண்டிவிடும், முழு வடிவம் திரும்ப வரும்.

மறைநிலை யன்னலில் ஒரு பொறி

கடைக்காரர் பலர் ஒவ்வொருவருக்கும் ஒரு மறைநிலை யன்னல் திறக்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் குரோமிலும் ஃபயர்பொக்ஸிலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மறைநிலை யன்னல்கள் எல்லாம் ஒரே குக்கீப் பையை (நீங்கள் யார் என்று தளம் நினைவில் வைக்க உலாவியில் விடும் சிறு குறிப்புகளை) பகிர்கின்றன. முதலில் வந்தவர் தன் மின்னஞ்சலுக்குள் நுழைந்து, வெளியேறாமல் யன்னலை மூடிவிட்டுப் போகிறார். இரண்டாமவரின் மறைநிலை யன்னல் அந்த நேரம் திறந்திருந்தால், முதலாமவரின் நுழைவு அங்கே உயிரோடு இருக்கிறது. கடைசி மறைநிலை யன்னலும் மூடப்பட்டால்தான் எல்லாம் அழியும். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் செய்ய வேண்டுமென்றால் ஒருவருக்கு மறைநிலை யன்னலும், மற்றவருக்குக் குரோமின் 'கெஸ்ட்' யன்னலும் கொடுங்கள். இரண்டும் தனித்தனிப் பைகள்.

உலாவி தொடங்கும்போது 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்ற தெரிவும் பொதுக் கணனியில் இருக்கக்கூடாது. நேற்றைய பக்கங்கள் திரும்ப வருவது மட்டுமல்ல. உலாவியை மூடியதும் அழிய வேண்டிய தற்காலிகக் குக்கீகளையும் இந்தத் தெரிவு பிடித்து வைக்கும். வெளியேறாமல் போனவரின் கணக்கு மறுநாள் காலை திறந்தபடி நிற்கலாம்.

புது யன்னலில் என்ன தெரிய வேண்டும் என்பது சின்ன விஷயம்தான், டேட்டா பொதியில் வேலை செய்பவருக்கு மட்டும் சின்னதல்ல. எட்ஜின் புதுப் பக்கம் செய்திகளையும் படங்களையும் இறக்கும். அந்தப் பக்கத்திலேயே உள்ள பற்சக்கர அடையாளத்தை அழுத்தி அதை நிறுத்தலாம். ஃபயர்பொக்ஸில் செட்டிங்ஸ், ஹோம் பகுதியில் புது யன்னலுக்கு ஒன்றும் புது டெப்புக்கு வேறொன்றும் வைக்கலாம். யன்னலுக்குப் பல முகவரிகளை நிலைக்குத்துக் கோட்டால் பிரித்துக் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகத் திறக்கும். டெப்புக்கு வெற்றுப் பக்கம் வைப்பது சிக்கனம்.

போனில்

போனில் யன்னல் என்பது டெப்தான். ஆனால் நாலாவது ஆள் ஒருவர் வந்து சேர்கிறார்: செயலி. ஃபேஸ்புக்கில் வந்த இணைப்பை அழுத்தினால் அது ஃபேஸ்புக்கின் உள்ளேயே இருக்கும் உலாவியில் திறக்கும். குரோமில் நீங்கள் நுழைந்திருந்த கணக்கு அங்கே தெரியாது. பிடிஎஃப் இறக்குவதும் சில நேரம் நடக்காது. பின்செல்லும் அசைவு ஒன்றில் நிரப்பிய படிவம் போய்விடும். படிவம் என்று கண்டதும், மூன்று புள்ளியை அழுத்தி வெளி உலாவியில் திறப்பதைத் தெரிவுசெய்து, அதன் பிறகு நிரப்பத் தொடங்குங்கள். அன்ட்ரொய்ட் குரோமில் இணைப்பை நீளமாக அழுத்தினால் புது டெப், மறைநிலை டெப் என்ற தெரிவுகள் வரும். ஐபோனில் சஃபாரியின் செட்டிங்கில் 'ஓப்பன் லிங்க்ஸ்' என்பதைப் 'பின்னணியில்' என்று மாற்றினால், வாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்தை விட்டு உங்களை இழுத்துக்கொண்டு போகாது.

தளம் செய்பவர்களுக்கு

ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு நம் பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் தளம் செய்து கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேலே சொன்ன வில்லங்கங்களில் பாதி அவர்கள் கையில் தீரும். முடிந்தால் பொப்-அப் யன்னலே வேண்டாம். அதே டெப்பில் வங்கிக்கு அனுப்பி அதே டெப்புக்குத் திரும்ப எடுங்கள். தனி யன்னல் கட்டாயம் என்றால், கிளிக் நடந்த அதே கணத்தில் வெற்று யன்னலைத் திறந்துவிட்டு, சேவையகத்தின் பதில் வந்தபின் அதற்கு முகவரியைக் கொடுங்கள். இணைப்பு எவ்வளவு மந்தமாக இருந்தாலும் 5 வினாடிக் கணக்கு குறுக்கே வராது. 

வெளித்தள இணைப்புகளுக்கு 'நோஓப்பனர்' என்ற குறிப்பு முன்பு கையால் சேர்க்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் திறக்கப்பட்ட தளம் திறந்த பக்கத்தையே போலிப் பக்கமாக மாற்ற முடியும். குரோம் 2021இல் வந்த 88ஆம் பதிப்பிலிருந்து 'பிளாங்க்' இணைப்புகளுக்கு அதைத் தானாகவே போடுகிறது. ஃபயர்பொக்ஸும் சஃபாரியும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. பழைய போன்கள் இன்னும் புழங்குவதால் கையாலும் எழுதிவிடுங்கள். 'விண்டோ.ஓப்பன்' கட்டளையில் அதைச் சேர்த்தால் யன்னலின் கைப்பிடி (பிறகு அதற்கு முகவரி கொடுக்க உதவும் தொடர்பு) உங்களுக்குக் கிடைக்காது, ஆகவே மேலே சொன்ன வெற்று யன்னல் முறைக்கு அது பொருந்தாது. யன்னல் தடுபட்டாலும் அந்தக் கட்டளை பெரும்பாலும் வெறுமையைத்தான் ('நல்' என்ற மதிப்பை) திருப்பித் தரும். வெறுமை வந்தால் பேசாமல் இருந்துவிடாமல், 'யன்னல் திறக்கவில்லை, இங்கே அழுத்துங்கள்' என்று தமிழில் ஒரு சாதாரண இணைப்பைப் பக்கத்திலேயே காட்டுங்கள்.